புல்லட்டின் பெண்ட் பைப்பில் வெப்ப நாடா சுற்றினால் கால் தப்புமா?

14 மே 2023

1996-ஆம் ஆண்டு புல்லட் 350 வைத்திருக்கிறேன். என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றி வலப்பக்கம் இறங்கிப் போகும் பெண்ட் பைப்பில் வெப்ப நாடா சுற்றினால் வலது கணுக்காலுக்கு வரும் சூடு குறையுமா? கடையில் ஹீட் ராப் என்று கேட்டால் தருகிறார்களே, அந்தக் கண்ணாடியிழை நாடாவைத்தான் சொல்கிறேன். சுற்றி ஒரு மழைக்காலமாவது ஓட்டியவர்கள் சொன்னால் நல்லது.

எனக்குப் பதினேழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். போன புதன்கிழமை பாரிமுனையிலிருந்து வேளச்சேரிக்கு வந்தேன். கத்திரி வெயில், கிண்டியில் நகர முடியாத நெரிசல். வீட்டில் செருப்பைக் கழற்றும்போது மனைவிதான் பார்த்தாள். கணுக்காலின் உட்பக்கம் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம். எங்கே சுட்டது, எப்போது சுட்டது, எனக்குத் தெரியாது. வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

16 மே 2023

மருத்துவரிடம் போய் வந்தேன். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். வலது பாதத்தில் பாதிக்கு மேல் தெரியவில்லை. இடது பரவாயில்லை. தட்டினால் அதிரும் உலோகக் கவையைக் கணுக்கால் எலும்பில் வைத்தபோதும் அதே கதைதான்.

கொப்புளத்தை உடைக்காமல் கட்டுப் போட்டிருக்கிறார். நான் பற்பசை தடவியிருந்தேன், அதற்குக் கடிந்துகொண்டார். சூடு பட்டவுடன் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், பற்பசை, மை, மாவு எதுவும் கூடாது, பனிக்கட்டியும் கூடாது என்றார். இது எல்லோருக்கும் பொருந்தும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

20 மே 2023

நாடா வாங்கும் முன் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். பைப்பின் மேல் வளைவு நன்றாக நீலம் பாரித்திருந்தது. "சார், பைப் சூடாகிறது என்றால் பைப்பையா பார்ப்பது? பிளாட்டினத்தைப் பாருங்கள்" என்றார் அந்தத் தம்பி. தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளி குறைந்து டைமிங் பின்வாங்கியிருந்தது. தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் சிலிண்டருக்குள் முடிவதில்லை; வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே வெளியே வருகிறது. அந்தச் சூடு முழுவதும் பெண்ட் பைப்புக்குத்தான். கார்புரேட்டருக்கும் என்ஜின் தலைக்கும் நடுவில் காற்றும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. காற்று கூடி பெட்ரோல் குறைந்தாலும் வண்டி சூடாகும்.

இரண்டையும் சரி செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வண்டியின் சத்தமே மாறிவிட்டது.

21 மே 2023

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டேன். துப்பாக்கி மாதிரி நீட்டிக் குறிபார்த்தால் எண் காட்டும். சூடு குறைந்ததா என்று மற்றவர்கள் காலால் சொல்லிவிடுவார்கள். என் காலை நான் நம்ப முடியாது.

அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தியதும்: தலைக்கு அருகே நீல வளைவில் 240 டிகிரி செல்சியஸ். கால்மிதிக்கு அருகே, குரோமியம் இன்னும் பளபளக்கும் இடத்தில் 84.

28 மே 2023

ஜி.பி. ரோட்டில் நாடா வாங்கினேன். 25 மி.மீ. அகலம், 5 மீட்டர் சுருள். 50 மி.மீ. நாடாவும் இருந்தது, கார்களுக்கு அதுதான் வசதி. ஆனால் புல்லட் பைப்பின் வளைவில் அகல நாடா மடிப்பு விழும் என்று கடைக்காரர் சொன்னார். கையில் சுற்றிப் பார்த்தேன், உண்மைதான்.

கணக்கு: பைப்பின் விட்டம் சுமார் 38 மி.மீ., சுற்றளவு 12 செ.மீ. சுற்ற வேண்டிய நீளம் 70 செ.மீ. ஆக 28 சுற்று, 3.4 மீட்டர். மூன்றரை மீட்டர் போதும்.

29 மே 2023

நேற்றைய கணக்கு தவறு. ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று 6 மி.மீ. ஏற வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 19 மி.மீ.தான் நகரும். 37 சுற்று, ஏறத்தாழ நாலரை மீட்டர். ஐந்து மீட்டர் சுருளாக வாங்கியதால் தப்பித்தேன். யாராவது மூன்றரை மீட்டர் என்று படித்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தால் மன்னியுங்கள்.

4 ஜூன் 2023

சுற்றியாகிவிட்டது. மகன் கூட இருந்தான். இரண்டு பேர் இருந்தால்தான் நடக்கும். ஒருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் சுற்ற வேண்டும்.

நாடாவை அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்தோம். ஈரத்தில் இழை படிகிறது, தூசியும் குறைவு. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை மூன்றும் அவசியம். மகன் கையுறையை ஐந்து நிமிடம் கழற்றியதற்கு இரவு முழுவதும் சொறிந்துகொண்டிருந்தான்.

எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம். மகன் என்ஜின் பக்கமிருந்து என்றான். நான் எங்கள் ஊர் ஓட்டு வீட்டை நினைத்துக்கொண்டேன். ஓடு வேய்பவர் இறவாரத்தில் தொடங்கி மேலே ஏறுவார். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் உட்காரும். தண்ணீர் வழிந்து போகும். பைப்பும் மேலிருந்து கீழே இறங்குகிறது. அதனால் கீழ் முனையில் தொடங்கித் தலையை நோக்கி ஏறினோம். இரு முனையிலும் துருப்பிடிக்காத எஃகுக் கட்டு. முதல் ஓட்டத்தில் நன்றாகப் புகைந்தது. இழையின் மேல் பூசியிருக்கும் பசை எரிவதுதான். அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது.

இப்போது அளவு. தலைக்கு அருகே 150. கால்மிதிக்கு அருகே 115.

84 இருந்த இடத்தில் 115! சூடு கூடிவிட்டது. யாரும் சுற்றாதீர்கள்.

5 ஜூன் 2023

நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அழிக்காமல் விடுகிறேன், இந்தத் தவறு மற்றவர்களுக்கும் நடக்கும்.

அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணனிடம் எண்களைக் காட்டினேன். "குரோமியத்தின் மேல் இந்தக் கருவியைக் காட்டலாமா? அது கண்ணாடி அல்லவா?" என்று கேட்டார். அகச்சிவப்புக் கருவி பொருள் வெளியிடும் கதிரை வைத்துத்தான் வெப்பத்தைக் கணக்கிடுகிறது. கரும்பரப்பு ஏறக்குறைய முழுதாக வெளியிடும். பளபளக்கும் குரோமியம் அதில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் வெளியிடும். மீதி, எதிரே இருக்கும் குளிர்ந்த பொருள்களின் பிரதிபலிப்பு. கருவி பாவம், அதைத்தான் படித்துச் சொல்கிறது.

சோதித்தேன். நாடா சுற்றாத பின்பகுதியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சூடு தாங்கும் மட் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். ஒரே இடம், ஒரே நேரம். குரோமியத்தின் மேல் 78. கறுப்புப் புள்ளியில் 181.

ஆக, கால்மிதிக்கு அருகே 84 என்று நான் நம்பிய குரோமியம் உண்மையில் 190-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. அங்கே நாடா 75 டிகிரி குறைத்திருக்கிறது. அளக்கிறவர்கள் கறுப்புப் புள்ளி வைத்துவிட்டு அளங்கள்.

9 ஜூன் 2023

நான்கு நாளாக இதே சிந்தனை. 75 டிகிரி குறைந்தது சரி. ஆனால் காலுக்கு வரும் அனல் குறைந்ததா?

குரோமியம் கதிரை வெளியிடாமல் அடக்கி வைத்திருந்தது. நாடாவோ மங்கல் பரப்பு, பத்தில் ஒன்பது பங்கு வெளியிடும். அண்ணனும் நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். கதிர்வீச்சு, தனிவெப்பநிலையின் (செல்சியஸோடு 273 கூட்டிய எண்) நான்காம் அடுக்கில் ஏறும். 190 டிகிரியில் நிற்கும் பளபளப்பான குரோமியத்தைவிட, 115 டிகிரியில் நிற்கும் நாடா ஏறத்தாழ இரண்டு மடங்கு கதிரை வீசுகிறது! காற்று வழியாக ஏறும் சூடு பாதியாகிறது. இரண்டையும் கூட்டினால் பெரிய லாபம் இல்லை.

மேல் வளைவில் நிலைமை வேறு. அங்கே குரோமியம் எப்போதோ நீலமாகி மங்கிவிட்டது. வெப்பமும் மிக அதிகம். அங்கே நாடா சுற்றியது உண்மையான லாபம். பளபளக்கும் இடத்தில் சுற்றியதுதான் வீண் என்று இப்போது நினைக்கிறேன். தொட்டால் சுடுவது வேறு கணக்கு; அதற்குப் பிறகு வருகிறேன்.

20 ஜூன் 2023

நாடா விலை கூடுதல், ஹார்டுவேர் கடையில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு தம்பி கேட்கிறார். வேண்டாம் தம்பி. அந்தக் காலத்தில் கொதிகலன் குழாய்களிலும் வண்டிகளிலும் அதைத்தான் சுற்றினார்கள் என்பது உண்மை. அதன் நார் நுரையீரலில் தங்கிவிடும். இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரும். சுற்றும்போது ஒரு நாள், அதிர்வில் உதிரும்போது ஒவ்வொரு நாளும், வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடும் இடத்தில். பணம் இல்லை என்றால் எதையும் சுற்றாமல் விடுங்கள்.

2 ஜூலை 2023

தொடுவதைப் பற்றி. தங்கையின் மகள் வந்திருந்தாள், ஆறு வயது. வண்டியில் ஒரு சுற்று அழைத்துப் போய், இறக்கும்போது இடப்பக்கமாகத் தூக்கி இறக்கினேன். நம்மில் எத்தனை பேருக்கு வலது கெண்டைக்காலில் அந்த நீள்வட்டத் தழும்பு இருக்கிறது! வலப்பக்கமாக இறங்கி சைலன்சரில் சுட்டுக்கொண்ட தழும்பு. என் தங்கைக்கு இருக்கிறது, அவள் கணவருக்கும் இருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று இரு வீட்டாரும் அதைச் சொல்லிச் சிரித்தது நினைவில் இருக்கிறது.

60 டிகிரி உலோகம் ஐந்து நொடியில் தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். 70 என்றால் ஒரு நொடிகூடத் தேவையில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி இருக்க 115 டிகிரி நாடா எப்படிப் பாதுகாப்பு ஆகும்? ஒன்று மட்டும் உண்மை. ஒரே சூட்டில் இருக்கும் இரும்புக் கரண்டியையும் மரக் கரண்டியையும் தொட்டால் இரும்பு முதலில் சுடும். நாடாவும் மரத்தைப் போல மெதுவாகத்தான் சூட்டைக் கைமாற்றும். வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்பவருக்கு அந்த ஒரு நொடி உதவும். எனக்கு உதவாது. நான் இழுக்கவே மாட்டேன்.

16 ஜூலை 2023

இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஓட்டும் நண்பரைப் பார்த்தேன். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர். அவரிடம் என் கேள்வியைச் சொன்னதும், கால்சட்டையை ஏற்றிக் காட்டினார். இரண்டு பழைய தழும்புகள். சக்கர நாற்காலியிலிருந்து வண்டிக்கு மாறும்போது கால் பின்னால் சரிந்து சைலன்சரில் சாய்ந்திருக்கிறது. அவர் கையால் கம்பியைப் பிடித்து உடலைத் தூக்கும் மும்முரத்தில் இருந்திருக்கிறார். வாசனை வந்துதான் தெரிந்தது என்றார்.

அவர் நாடா சுற்றவில்லை. சைலன்சரின் மேல், இடைவெளி விட்டு, ஓட்டை போட்ட தகடு பொருத்தியிருக்கிறார். மாறுவதையும் இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். இணைப்புச் சக்கரத்தின் மட்கார்டு சைலன்சரை ஒட்டி வருவதால் அங்கே காற்று ஓடாமல் சூடு தேங்குகிறது. ஊன்றுகோலை அங்கே செருகியதில் அடி ரப்பர் உருகியிருக்கிறது. போலியோவால் கால் மெலிந்தவர்களுக்கு உணர்வு இருக்கும், சுட்டால் தெரியும். அவரைப் போன்றவர்களுக்குத் தெரியாது. வண்டியை மாற்றியமைக்கும் பட்டறைக்காரர் எத்தனை பேர் இந்த வித்தியாசத்தைக் கேட்டுக்கொண்டு வேலை தொடங்குகிறார்கள்?

30 ஆகஸ்ட் 2023

என்ஜின் தலையின் மேலுள்ள ராக்கர் மூடியிலிருந்து எண்ணெய் கசிந்து நாடாவின் மேல் முனையில் இறங்கியிருக்கிறது. சிக்னலில் நின்றபோது புகை. பக்கத்தில் நின்ற ஆட்டோ ஓட்டுநர் கை காட்டினார். உடனே ஓரம் கட்டி நிறுத்தினேன்.

இது விளையாட்டு இல்லை. வெறும் பைப்பில் விழும் எண்ணெய் புகைந்து போய்விடும். நாடா அதை விளக்குத் திரியைப் போல உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, அடியில் சூட்டோடு. மேல் ஆறு சுற்றையும் வெட்டி எறிந்துவிட்டேன். எண்ணெய் கசியும் வண்டிக்குக் கசிவை நிறுத்தாமல் நாடா சுற்றக் கூடாது. பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

17 செப்டம்பர் 2023

புதிய வண்டிக்குச் சுற்றலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி பெரும்பாலும் என்ஜினை ஒட்டியே இருக்கும். உள்ளேயே சூட்டை உண்டாக்கும் உறுப்பு அது. அதைப் போர்த்தக் கூடாது. ஆக்சிஜன் உணரியின் மேலும் சுற்றக் கூடாது. சில வண்டிகளில் பெண்ட் பைப்பே இரட்டைச் சுவர் கொண்டது; நடுவில் காற்று இருக்கிறது. அதன் மேல் சுற்றி என்ன கிடைக்கும்? உத்தரவாதம் போவதுதான் மிச்சம்.

22 அக்டோபர் 2023

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, சூடு தெரியாத காலுக்கு கியர் மட்டும் எப்படித் தெரியும்?"

இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. என் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியர் விழுந்ததை நான் சத்தத்திலும் வண்டி இழுக்கும் விதத்திலும் அறிகிறேன் என்பதை நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். பாதத்தில் எதுவும் தெரிவதில்லை. இடது பாதம் இன்னும் பிரேக்கை உணர்கிறது. மருத்துவர் மறுபடி சோதித்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், இடது பாதமும் போனால் வண்டியை விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். இரவு ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிட்டேன். பைப்பைப் பற்றியே ஐந்து மாதம் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டதற்கு நன்றி.

7 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாடிப்படியில் முன்சக்கரத்தை ஏற்றி வைத்தும் வண்டி இரண்டு நாள் என்ஜின்வரை முழுகிக் கிடந்தது. இப்போதுதான் மின்சாரம் வந்திருக்கிறது. நாங்கள் நலம். வண்டியைப் பிறகு பார்க்கலாம்.

14 ஜனவரி 2024

போகி. நாடாவைப் பிரித்தேன்.

கடைசிச் சுற்றுகள் கையோடு பெயர்ந்து வந்தன, உட்பக்கம் செம்மண் நிறத்தில். குரோமியம் இருந்த சுவடே இல்லை. செதில் செதிலாகத் துரு. கீழ் வளைவில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து மெல்ல அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. இருபத்தேழு ஆண்டு வந்த பைப், நாடாவுக்குள் ஏழு மாதத்தில் முடிந்தது.

வெள்ளத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆகஸ்டில் வெட்டிய மேல் பகுதியிலேயே துரு தொடங்கியிருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடாவுக்குள் இரும்பு கூடுதல் சூட்டில் இருக்கிறது, வண்டி நின்றதும் கடற்காற்றின் ஈரமும் மழையும் உள்ளே தங்குகின்றன. ஓடு போல வேய்ந்தேன் என்று பெருமையாக எழுதினேன். கூரைக்கு மழை மேலிருந்து மட்டும் வரும். முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் கீழிருந்து வருகிறது.

துருப்பிடிக்காத எஃகுப் பைப்பாக இருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது. சாதா இரும்பு, குரோமியப் பூச்சு, கடலோர ஊர் என்றால் நாடா வேண்டாம். மே மாதம் நான் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

11 பிப்ரவரி 2024

புதுப் பெண்ட் பைப் போட்டாகிவிட்டது. நாடா இல்லை. நண்பரின் ஸ்கூட்டரில் பார்த்ததைப் போலத் தகடு செய்யச் சொன்னேன். துருப்பிடிக்காத எஃகு, 1 மி.மீ. தடிமன், 30 செ.மீ. நீளம், கால்மிதிக்கு அருகே பைப்பை அரைவட்டமாகச் சூழ்ந்து நிற்கிறது. இரண்டு கிளாம்ப், இடைவெளி விட நடுவில் 12 மி.மீ. புஷ். தகடு பைப்பை எங்கும் தொடவில்லை. உட்புறம் பளபளப்பாகவே இருக்கட்டும் என்று சொன்னேன். பைப்பிலிருந்து வரும் கதிரைத் திருப்பி அனுப்ப அதுதான் உதவும். மேலும் கீழும் திறந்திருக்கிறது, காற்று ஏறிப் போகும். லேத் பட்டறையில் செய்தவர், "நாடாவுக்குக் கொடுத்த காசைவிடக் குறைவு சார்" என்றார்.

கறுப்புப் புள்ளி வைத்து அளந்தேன். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் தகட்டில் 72. மழையில் தகடும் பைப்பும் தனித்தனியே காய்ந்துவிடுகின்றன.

72 டிகிரியும் சுடும். அதனால் செருப்பை விட்டுவிட்டேன். கணுக்காலை மூடும் தோல் ஷூ, உள்ளே வெள்ளைக் காலுறை. எங்காவது உரசி ரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளையில்தான் தெரியும்.

17 மார்ச் 2024

ஸ்கூட்டர் நண்பர் வந்து தகட்டைத் தடவிப் பார்த்தார், கைக்கு முனைகள் கூர்மையாகப் படுகின்றன என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. சூட்டிலிருந்து காப்பாற்ற வைத்த தகடு, உணராத காலைக் கிழித்துவிடும். நாளை விளிம்பை அரம் போட்டு மழுக்கி, வெளிப்பக்கமாக மடித்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். பின் கிளாம்ப்பும் சற்றுத் தளர்ந்திருக்கிறது.

இரவில் மனைவி கண்ணாடியை வைத்துப் பாதத்தின் அடியைப் பார்க்கிறாள். இன்று இரண்டு காலிலும் எதுவும் இல்லை.